ரசீது இல்லாத உழைப்பு: விபத்து இழப்பீட்டில் விடுபடும் பராமரிப்புச் செலவு

சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் சில நாட்களுக்கு இப்போது அரசுத் திட்டங்கள் கைகொடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இரண்டும் உயிர் காக்கும் ஏற்பாடுகள், வரவேற்க வேண்டியவை.

ஆனால் காப்பாற்றப்பட்டவர் எட்டாம் நாளும் இருக்கிறார். தண்டுவடம் முறிந்தவரோ, தலையில் பலத்த காயம் பட்டவரோ இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழக்கூடும். அத்தனை ஆண்டுகளும் அவரை யார் புரட்டிப் படுக்கவைப்பது, யார் குளிப்பாட்டுவது, அதற்கான செலவு எங்கிருந்து வருவது? வாகன விபத்து என்றால், இதற்கு ஈடு கேட்க வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே போடும் மனுக்களில் பலரும் கோட்டைவிடும் பகுதியும் இதுதான்.

காரணம் எளிது. ஆபரேஷனுக்குப் பில் இருக்கிறது. ஸ்கேனுக்கு, மாத்திரைக்கு, ஆம்புலன்ஸுக்கு எல்லாம் ரசீது இருக்கிறது. இழந்த சம்பளத்துக்கு முதலாளி கொடுத்த சான்று இருக்கிறது. வீட்டில் அம்மாவோ மனைவியோ ராப்பகலாகச் செய்யும் வேலைக்கு எந்தக் காகிதமும் இல்லை. அதனால் மனு எழுதும்போது அது யாருக்கும் தோன்றுவதே இல்லை. தோன்றினாலும், ‘உதவியாளர் செலவு’ என்று மருத்துவமனையில் கிடந்த நாட்களுக்கு மட்டும் ஒரு சிறு தொகையைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பெரிய ஆபரேஷன் பில்லைவிடப் பல மடங்கு பெரியது வாழ்நாள் பராமரிப்புச் செலவு என்பது டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகுதான் குடும்பத்துக்கு உறைக்கிறது.

அப்போது திரும்பிப் போய்க் கேட்க முடியாது. இதுதான் விஷயத்தின் ஆணிவேர். மோட்டார் வாகனச் சட்டத்தில், இறுதித் தீர்ப்பு வந்த பிறகு செலவு கூடிவிட்டது என்று சொல்லி இன்னொரு தொகை கேட்க வழியில்லை. உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: எதிர்காலத்தில் அவ்வப்போது மருத்துவச் செலவு வரும் என்றால், அதையும் இப்போதே கணித்து இதே தீர்ப்பில் சேர்க்க வேண்டும், பின்னால் புதிதாக இன்னொரு தீர்ப்பு தர முடியாது. அதே தீர்ப்பு இன்னொரு நல்ல காரியமும் செய்தது. மனுவில் கேட்ட தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை, நியாயமான இழப்பீடு எதுவோ அதைத் தருவதே தீர்ப்பாயத்தின் கடமை என்றது. ஆகவே மனுவில் குறைவாகக் கேட்டுவிட்டோமே என்று வழக்கு நடக்கும்போது பதறத் தேவையில்லை, திருத்தலாம். ஆனால் சாட்சியமே இல்லாத தேவைக்கு எந்த நீதிபதியாலும் பணம் கொடுக்க முடியாது.

பராமரிப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நெருங்கிப் பார்க்காததால்தான் தொகை சிறுத்துப்போகிறது.

மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஒரே பக்கமாகப் படுத்தால் அவருக்கு வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து. எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வரும். அதனால் படுக்கையில் இருக்கும் நேரமெல்லாம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கும் சேர்த்துத்தான். சிறுநீர் தானாக வராது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டும். கை சுத்தமில்லை என்றால் தொற்று, காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. மலம் கழிக்க வைப்பது தனி வேலை, குறிப்பிட்ட நேரத்தில், பொறுமையாக. கைகால் மூட்டுகள் இறுகிப்போகாமல் தினமும் அசைத்துவிட வேண்டும். கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, அவரைவிட எடை குறைந்த ஒரு பெண்மணி தன் முதுகைக் கொடுக்க வேண்டும்.

இதில் வெளியே தெரியாத ஒன்றும் இருக்கிறது. தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பது, குழாய் மடங்கிக்கொள்வது போன்ற சின்னக் காரணத்தாலேயே ரத்த அழுத்தம் திடீரென எகிறிவிடும். தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவப்பது, வியர்ப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருந்தால் உடனே உட்காரவைத்து, குழாயைச் சரிசெய்து காப்பாற்றிவிடுவார். தெரியாவிட்டால் மூளையில் ரத்தக் கசிவுவரை போகலாம். ‘கூட ஒரு ஆள் இருந்தால் போதும்’ என்று குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் சொல்லும்போது, அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் மருத்துவர். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தலைக்காயத்தின் கதை வேறு. நடக்கிறார், சாப்பிடுகிறார், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். தெருவில் இறங்கினால் திரும்பி வர வழி தெரியவில்லை. காரணமில்லாமல் கோபம் பொங்குகிறது. இவரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை, கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தீர்ப்பாயத்தில் அவரே நடந்து வந்து சாட்சிக் கூண்டில் நின்றால், அவருக்கு உதவியாளர் எதற்கு என்ற எண்ணம் எழுவது இயல்பு. இப்படிப்பட்ட வழக்குகளில்தான் பராமரிப்புச் செலவு அதிகம் மறுக்கப்படும் அபாயம் இருக்கிறது. இவற்றில்தான் சாட்சியம் இன்னும் கவனமாகத் திரட்டப்பட வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் இந்த விஷயத்தில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 2020 பிப்ரவரியில் நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், தீபக் குப்தா அமர்வு தந்த தீர்ப்பு. அது விபத்தில் அடிபட்ட ஒரு சிறுமியின் வழக்கு. 2007-இல் விபத்து நடந்தபோது அவளுக்கு 12 வயது. மூளையில் பட்ட அடியால் அவளது மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்குச் சற்று மேலாக உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாய் என்று தீர்த்தது.

எங்கே இவ்வளவு வித்தியாசம் வந்தது? அதில் ஒரு முக்கியப் பகுதி உதவியாளர் செலவில். உயர் நீதிமன்றம் ஓர் உதவியாளருக்கு மாதம் 2,500 ரூபாய் என்று வைத்து, 44 ஆண்டுகளுக்குப் பெருக்கி, 13,20,000 கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் திருத்தியது. முதலாவது, ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஓர் ஆளால் அத்தனை நேரமும் பார்த்துக்கொள்ள முடியாது. ஆகவே இரண்டு பேர் வேண்டும். குறைந்தபட்சக் கூலியை வைத்துப் பார்த்தாலே இருவருக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டாவது, வருமான இழப்புக்குப் பயன்படுத்தும் அதே மல்டிப்ளையர் முறையைத்தான் உதவியாளர் செலவுக்கும் பயன்படுத்த வேண்டும். குத்துமதிப்பான மொத்தத் தொகையும் கூடாது, ஆண்டுகளை நேரடியாகப் பெருக்குவதும் கூடாது. மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000, மல்டிப்ளையர் 18. ஆக 21,60,000 ரூபாய்.

மல்டிப்ளையர் என்பது வயதை வைத்து நிர்ணயித்த ஒரு பெருக்கெண். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: 15 முதல் 25 வயதுவரை 18, 26–30 வயதுக்கு 17, 31–35-க்கு 16 என்று இறங்கி, 46–50-க்கு 13, 56–60-க்கு 9, 65-க்கு மேல் 5. நாற்பது ஆண்டு வாழ்வார் என்றாலும் நாற்பதால் பெருக்காததற்குக் காரணம், மொத்தப் பணமும் முன்கூட்டியே கைக்கு வந்து வங்கியில் வட்டி ஈட்டும் என்பது.

இந்த முறை நியாயமா என்றால், குத்துமதிப்பாக ஒரு தொகையைப் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை இருப்பதாகவே நான் கருதுகிறேன். 21,60,000 ரூபாயை 6 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 1,29,600 வரும். முதல் ஆண்டின் உதவியாளர் செலவு 1,20,000. அசல் அப்படியே இருக்க, வட்டியிலேயே செலவு நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் உதவியாளர் கூலி அங்கேயே நிற்காது. அதுவும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகி ஆண்டுச் செலவு 2,40,000-ஐத் தொடும். வட்டியும் கூலி உயர்வும் ஒரே வேகத்தில் போனால், 18 ஆண்டுச் செலவுக்கான பணம் சரியாக 18 ஆண்டுதான் வரும். இருபது வயதில் அடிபட்டவருக்கு அது முப்பத்தெட்டு வயதில் தீர்ந்துபோகும். பெற்றோர் தளர்ந்து, வெளியாளின் உதவி முழுமையாகத் தேவைப்படும் வயதில்.

வருமான இழப்பைக் கணக்கிடும்போது, எதிர்காலச் சம்பள உயர்வுக்காக ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் அரசியல் சாசன அமர்வு வகுத்தது: நிரந்தர வேலையில் இருக்கும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு 50 சதவீதம், சுயதொழில் செய்பவருக்கு 40 சதவீதம் என்று. சம்பாதிப்பவரின் சம்பளம் ஏறும் என்று ஏற்றுக்கொள்ளும் சட்டம், அவரைப் பார்த்துக்கொள்பவரின் கூலி ஏறும் என்பதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை? இதை வாதமாக வைக்க எந்தத் தடையும் இல்லை. குறைந்தபட்சம், மாதக் கூலியை விபத்து நடந்த ஆண்டின் விலையில் அல்லாமல் இன்றைய விலையில் போடச் சொல்லிக் கேட்கலாம். வேறு வழிகளும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் 2005 முதல், மொத்தத் தொகைக்குப் பதிலாக ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும்படி நீதிமன்றமே உத்தரவிடலாம். இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை. ஆயுளை யாரும் ஊகிக்க வேண்டிய தேவையை அது பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. நம் சட்டத்தில் அந்த வழி வரவேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாதம். ‘வெளியாள் யாரையும் வைக்கவில்லை, அம்மாதானே பார்த்துக்கொள்கிறார், அதற்கு எதற்குப் பணம்?’ காப்பீட்டுத் தரப்பு மட்டும் அல்ல, சில சமயம் குடும்பமே இப்படித்தான் நினைக்கிறது. பெற்ற பிள்ளைக்குச் செய்வதற்குக் கூலி கேட்பதா என்று கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்பது அம்மாவின் அன்புக்கான விலை அல்ல. அடிபட்டவருக்கு ஒரு தேவை உண்டாகியிருக்கிறது. அதை உண்டாக்கியவர் வண்டி ஓட்டியவர். அந்தத் தேவையை யார் நிறைவேற்றுகிறார் என்பது குடும்பத்தின் சொந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் லாபம் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏன் போக வேண்டும்?

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973-இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. காலில் பலத்த காயம் பட்ட சிறுவனைப் பார்த்துக்கொள்ள அவன் தாய் வேலையை விட்டார். தாய் பணம் கேட்கவில்லையே, சிறுவனுக்குச் செலவே ஆகவில்லையே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பராமரிப்பு தேவைப்படுவதே சிறுவனின் இழப்பு. அதைத் தாய் இலவசமாகச் செய்தார் என்பதால் அந்த இழப்பு மறைந்துவிடாது என்றது நீதிமன்றம். நம் ஊரிலும் இந்தத் திசையில் சிந்தனை நகர்ந்திருக்கிறது. 2021 ஜனவரியில் இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மதிப்புப் போடுவது பற்றிய தீர்ப்பில், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் பெண் 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். இந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நீதிமன்றத்தின் முன், படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கும் உழைப்புக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மகனுக்கு 20 வயதில் அடிபடும்போது அம்மாவுக்கு 45 என்றால், மகனுக்கு 45 ஆகும்போது அம்மாவுக்கு 70. அப்போது அவரால் தூக்க முடியாது. அவரைத் தூக்கவே ஆள் தேவைப்படலாம். ஆகவே இன்று அம்மா பார்த்துக்கொண்டாலும், வெளியாளுக்கு ஆகும் கூலியின் அளவில்தான் தொகை நிர்ணயிக்கப்பட வேண்டும். மனுவில் தாயின் வயதை எழுதி, அவருக்குச் சர்க்கரை, முதுகுவலி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுவது வீண் தகவல் அல்ல.

இதையெல்லாம் எப்படி நிரூபிப்பது? முதலில், நேரக் குறிப்பு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணிக்குப் புரட்டினோம், எத்தனை மணிக்குக் குழாய் போட்டோம், யார் செய்தார், இரவில் எத்தனை முறை எழுந்தோம் என்று சில வாரங்கள் விடாமல் எழுதி வைத்தால், அது வாய்மொழிச் சாட்சியத்தைவிடக் கனமானது. தேதி போட வேண்டும், ஒரே பேனாவில் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கக் கூடாது. டயப்பர், கையுறை, குழாய், காற்றுப் படுக்கை, மருந்துத் துணி வாங்கிய ரசீதுகளைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். இவை மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் செலவுகள் என்பதால் இவற்றையும் மல்டிப்ளையர் முறையில் கேட்கலாம். குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டிருந்தால், விட்டதற்கான கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டும் வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் 12 மணி நேர ஷிப்டுக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் வைக்காவிட்டாலும் அந்தக் காகிதம் சந்தை விலையைக் காட்டும்.

அடுத்து மருத்துவர். பெரும்பாலான வழக்குகளில் மருத்துவ வாரியம் கொடுக்கும் ஊனச் சதவீதச் சான்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் பராமரிப்புத் தேவையைச் சொல்லாது. சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தந்த விரிவான தீர்ப்பு இதை விளக்குகிறது: இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும், அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரலாம். பராமரிப்புக்கும் இதே பார்வை பொருந்தும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் கணினியில் வேலை பார்த்து நன்றாகவே சம்பாதிக்கலாம். அவருக்கு 24 மணி நேரமும் ஆள் தேவை. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உதவி தேவை? இரவிலும் தேவையா? பயிற்சி பெற்றவர் வேண்டுமா? எத்தனை ஆண்டுகளுக்கு? சக்கர நாற்காலியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? வரக்கூடிய சிக்கல்கள் எவை?

இதற்குப் பொருத்தமானவர் ஆபரேஷன் செய்த மருத்துவரைவிட மறுவாழ்வு மருத்துவர்தான். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு எப்படி வாழப்போகிறார் என்று பார்ப்பதே அவர் வேலை. வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். சிகிச்சை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்த அப்படி ஒருவரிடமிருந்து இந்தத் துறை நம்மிடையே வளர்ந்தது. இத்தகைய மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருந்தால், குடும்பத்துக்கு அங்கே கொடுத்த பயிற்சியின் குறிப்புகளையும் கேட்டு வாங்கி ஆவணமாகப் போடுங்கள். மருத்துவர் கோர்ட்டுக்கு வரத் தயங்கினால் அதற்கும் வழி உண்டு. அதே 2010 தீர்ப்பு, மருத்துவர்களைக் காத்திருக்க வைக்காமல் குறித்த நேரத்தில் விசாரிக்கவும், ஆணையர் மூலம் அவர்கள் இடத்துக்கே போய்ச் சாட்சியம் பதியவும் தீர்ப்பாயங்களுக்கு யோசனை சொன்னது. வக்கீல் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொண்டு அலைபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசி வக்கீல் கட்டணம் வாங்குவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். அந்தச் சதவீதம் பெரும்பாலும் உதவியாளருக்கென்று வந்த பணத்திலிருந்துதான் போகிறது என்பதைக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வாகன விபத்து அல்லாமல் மருத்துவத் தவறால் இந்த நிலை வந்திருந்தால், நுகர்வோர் ஆணையம் வழியாகக் கேட்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கால்கள் செயலிழந்த ஒரு பொறியியல் மாணவருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் 1 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் செவிலியர் பராமரிப்புக்கு மட்டும் மாதம் 4,000 வீதம் 30 ஆண்டுகளுக்கு 14,40,000 ரூபாய். அங்கே மல்டிப்ளையர் முறை பின்பற்றப்படவில்லை. ஆண்டுகளே நேரடியாகப் பெருக்கப்பட்டன. ரயில் விபத்துக்கு விதிகளிலேயே தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 2017 முதல் அதன் உச்சவரம்பு 8 லட்சம். வாழ்நாள் பராமரிப்புக்கு அது எந்த மூலைக்கு?

தீர்ப்பு வந்து பணம் வைப்புநிதியில் போடப்படும் கட்டத்திலும் விழிப்பு வேண்டும். சிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆகியோரின் பணம் வீணாகாமல் இருக்க அதை வங்கியில் நீண்டகால வைப்பாகப் போட வேண்டும் என்று 1990-களில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நல்ல நோக்கம். ஆனால் அதை இயந்திரம்போல எல்லாருக்கும் பொருத்தக் கூடாது, அவரவர் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று 2012-இல் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பராமரிப்பு தேவைப்படுபவருக்கு வட்டி மாதாமாதம் கைக்கு வரும்படி இருக்க வேண்டும். புண் முற்றி ஆபரேஷன் என்றால் அசலிலிருந்து எடுக்கவும் வழி இருக்க வேண்டும். தீர்ப்பின் உத்தரவுப் பகுதியிலேயே இதை எழுதி வாங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் மனுப் போட்டு அலைய வேண்டியதில்லை.

கடைசியாக, சமரசம். வழக்கு இழுக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அழைப்பு வரும். சின்னக் காயங்களுக்கு அது அருமையான வழி. பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆயுள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் காயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்தாகும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே எதிர்த்தரப்பு ஒரே மொத்தத் தொகையாகச் சொல்லும். அந்த மொத்தத்தில் உதவியாளர் செலவு எவ்வளவு, எத்தனை ஆளுக்கு, எந்த மல்டிப்ளையர் போட்டு வந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தத் தொகையில் பராமரிப்புக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்து வழக்கைத் தொடரலாம்.